மொட்டைக் கடிதமும் ஊமக்கத்தும்: எல்லை மலைகளில் பெயரற்ற தொலைபேசி அழைப்பின் வரலாறு

பெயரிடாமல் எழுதப்படும் கடிதத்தைத் தமிழ் ‘மொட்டைக் கடிதம்’ என்கிறது. மலையாளம் ‘ஊமக்கத்து’ என்கிறது. கையொப்பம் இல்லாததைத் தமிழ் மொட்டையாகக் கண்டது. எழுதியவர் வாய்திறந்து தம்மைச் சொல்லாததை மலையாளம் ஊமையாகக் கண்டது. பாலக்காட்டுக் கணவாயிலும் இடுக்கி மலைகளிலும் இவ்விரு மொழிகளும் ஒரே திண்ணையில் புழங்குகின்றன. வீட்டுக்குள் தொலைபேசி நுழைந்தபின் ஏற்பட்ட இருவகைத் தொல்லைகளையும் இவ்விரு சொற்களே பிரித்துக் காட்டப் போதுமானவை. பெயர் சொல்லாமல் வசைபாடுவோன் அழைப்பு மொட்டை; எடுத்ததும் பேசாமல் மூச்சொலியை மட்டும் கேட்கவிடும் அழைப்பு ஊமை.

பெயர் மறைத்தல் தொலைபேசியோடு உடன்பிறந்த இயல்பு என்றே பொதுவாகக் கருதப்படுகிறது. வரலாறு அப்படிச் சொல்லவில்லை. கல்கத்தா, சென்னை, பம்பாய் ஆகிய நகரங்களில் 1882இல் இணைப்பகங்கள் திறக்கப்பட்டதிலிருந்து பல பத்தாண்டுகள், இணைப்புப் பலகையின் முன் அமர்ந்திருந்த ஒருவரைக் கடக்காமல் எவரும் எவரையும் அழைத்திருக்க இயலாது. பெயரின்மை பின்னாளில் ஓர் எந்திரத்தால் உண்டாக்கப்பட்டது. இன்னோர் எந்திரத்தால் பறிக்கப்பட்டது. அதன்பின் அரசு விதியால் சிலருக்கு மட்டும் பங்கிடப்பட்டது. இந்த மாற்றங்கள் எல்லைப்பகுதியில் துலக்கமாகத் தெரிவதற்குக் காரணம் உண்டு. அங்கே அழைப்பவர் ஒரு நிர்வாகத்தின் கீழும் எடுப்பவர் வேறொரு நிர்வாகத்தின் கீழும் இருப்பது அன்றாட நிகழ்வு.

நிலப்பரப்பைச் சற்று நினைவூட்டிக்கொள்வது நலம். இன்றைய பாலக்காடு மாவட்டத்தின் பெரும்பகுதி 1956 நவம்பர் 1 வரை சென்னை மாநிலத்து மலபார் மாவட்டத்தைச் சேர்ந்தது. அதையொட்டிய சித்தூர் கொச்சி அரசுக்கு உட்பட்டிருந்தது. தெற்கே தேவிகுளமும் பீருமேடும் திருவிதாங்கூருக்கு உரியவை. மாநிலச் சீரமைப்பு இவற்றையெல்லாம் கேரளமாக்கியது. இடுக்கி தனி மாவட்டமானது 1972இல். வாளையாறு, கொழிஞ்சாம்பாறை, கோவிந்தாபுரம், மறையூர், போடிமெட்டு, குமுளி என்று நீளும் இந்த எல்லையின் இருபுறமும் தமிழ்க் குடும்பங்கள் உறவால் பிணைந்தவை. மூணாற்றுத் தேயிலை ஒருகாலத்தில் டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவழியாகக் கொட்டகுடிக்கு இறங்கிப் போடிநாயக்கனூருக்குப் போனது. கூலிக்கு ஆள் ஏறி வந்ததும் மலையின் அதே சரிவு வழியாகத்தான். ஆனால் தொலைத்தொடர்புத் துறை தன் எல்லையை மொழியையோ உறவையோ பார்த்து வகுக்கவில்லை. கேரள வட்டம் என்பது கேரளம், இலட்சத்தீவு, மாஹி ஆகியவை சேர்ந்தது. அரசியலால் புதுச்சேரிக்கு உரிய மாஹி தொலைபேசியில் கேரளமாயிற்று. கேரளத்துக்குள் இருந்துகொண்டு அன்றாடம் கோவையோடும் கம்பத்தோடும் பேசியாக வேண்டிய ஊர்களுக்கு அப்படியொரு சலுகை வாய்க்கவில்லை. பாலக்காட்டின் குறியீடு 0491, கோவையின் குறியீடு 0422. இரண்டுக்கும் இடையே சாலைவழி ஏறத்தாழ 50 கிலோமீட்டர்தான். பேச்சு என்னவோ வட்டம் விட்டு வட்டம் தாண்டியே போக வேண்டும்.

மூணாற்றில் நல்லதண்ணி எஸ்டேட்டில் உள்ள தேயிலை அருங்காட்சியகத்தில் கைப்பிடியைச் சுழற்றி அழைக்கும் பழைய மேக்னட்டோ தொலைபேசி காட்சிக்கு வைக்கப்பட்டிருக்கிறது. கைப்பிடியைச் சுழற்றினால் மின்னோட்டம் எழும். இணைப்பகத்தில் அந்த வீட்டுக்குரிய சிறு மூடி விழும். இயக்குநர் செருகியைப் பொருத்திக்கொண்டு யார் வேண்டுமென்று கேட்பார். மூடி விழுந்த நொடியிலேயே அழைப்பது எந்த வீடு என்பது அவருக்குத் தெரிந்துவிடும். சிற்றூரில் குரலும் தெரியும், குடும்பமும் தெரியும். தோட்டத்தில் இந்தக் கருவி துரை பங்களாவிலும் ஆலையிலும் அலுவலகத்திலும் இருந்தது, லயத்தில் இல்லை. ஆகவே மேலிருந்து கீழே இறங்கும் கட்டளைக்குரிய பொருளாகத்தான் மலையில் தொலைபேசி முதலில் அறியப்பட்டது. அந்தக் காலத்தைப் பொற்காலமாக்க வேண்டியதில்லை. இயக்குநர் விரும்பினால் உரையாடலை ஒட்டுக்கேட்கலாம், இணைப்பைத் தாமதப்படுத்தலாம். ஆயினும் அவர் இருந்தவரை மொட்டை அழைப்புக்கு இடமே இல்லை.

அவரை அகற்றியவர் அல்மன் ஸ்ட்ரோஜர் என்ற அமெரிக்கர். கான்சஸ் நகரில் பிணச்சடங்குத் தொழில் நடத்தியவர். போட்டியாளரின் உறவுக்காரப் பெண் இணைப்பகத்தில் இருந்துகொண்டு தமக்கு வரும் இழவுச் செய்திகளைத் திருப்பி அனுப்பிவிடுகிறாள் என்ற சினத்தில் அவர் தானியங்கி இணைப்பானைக் கண்டுபிடித்தார் என்று ஒரு கதை வழங்குகிறது. கதையின் மெய்ம்மை எப்படியோ, 1891இல் அவருக்குக் காப்புரிமை கிடைத்ததும் 1892இல் இந்தியானா மாநிலத்து லா போர்ட்டில் முதல் தானியங்கி இணைப்பகம் திறக்கப்பட்டதும் உறுதியானவை. இந்தியாவில் முதல் தானியங்கி இணைப்பகம் முதல் உலகப்போர் தொடங்குவதற்குச் சற்று முன்பு சிம்லாவில் அமைந்தது. ஊர்விட்டு ஊர் நேரடியாகச் சுழற்றிப் பேசும் எஸ்.டி.டி. முறை 1960இல் கான்பூருக்கும் இலட்சுமணபுரிக்கும் இடையே தொடங்கியது. எண்ணைச் சுழற்றுபவருக்கும் மணி ஒலிக்கும் வீட்டுக்கும் நடுவே இருந்த மனிதர் இவ்வாறு விலக்கப்பட்டார். சாட்சியும் அவரோடு போயிற்று. டிரங்கால் பதிவு செய்துவிட்டு மணிக்கணக்கில் காத்திருந்தவர்களுக்கு இது பெரும் விடுதலை. அந்த விடுதலையோடு வேறொன்றும் சேர்ந்தே வந்தது என்பது வீட்டில் இருந்தவர்களுக்குத்தான் முதலில் தெரிந்தது.

தொல்லையின் அடித்தளத்தை அமைத்துக் கொடுத்தது ஒருவகையில் துறையே. ஆண்டுதோறும் அச்சான தொலைபேசிக் கையேட்டில் சந்தாதாரரின் பெயர், முகவரி, எண் மூன்றும் அகர வரிசையில் கிடைத்தன. அழைப்பவனுக்கு வீடு தெரியும். வீட்டுக்கு அழைப்பவனைத் தெரியாது. இந்தச் சமனின்மையின் மேல் வேறொரு வழக்கமும் படிந்தது. இணைப்புக்குப் பல்லாண்டு காத்திருக்க வேண்டிய காலத்தில் ஒரு தெருவுக்கு ஒரு தொலைபேசி இருந்தாலே பெரிது. அந்த எண்ணைத் தெருவார் எல்லோரும் தம் முகவரிச் சீட்டில் ‘பி.பி.’ என்ற இரண்டு எழுத்தோடு அச்சிட்டுக்கொண்டார்கள். குறிப்பிட்ட ஆளை அழைத்துத் தரும்படி கேட்கும் டிரங்கால் வகையின் பெயர் அது. நாளடைவில் ‘பக்கத்து வீட்டுத் தொலைபேசி’ என்றே பொருளாகிவிட்டது. எனவே முன்பின் அறியாத குரல் அழைப்பது அந்த வீட்டாருக்கு இயல்பு. மேட்டுத் தெருவில் இன்னாரைக் கூப்பிடுங்கள் என்று சொல்ல வந்த குரலா, வம்புக்கு வந்த குரலா என்பதை எடுத்த பிறகே அறிய முடியும்.

எடுப்பவர் யார் என்பதும் கருதத்தக்கது. ஆண்கள் வேலைக்குப் போயிருக்கும் பகல் நேரத்தில் வீட்டுத் தொலைபேசியை எடுத்தவர்கள் பெரும்பாலும் பெண்களும் முதியோரும். தொல்லையாளனுக்கு அந்த நேரம் தெரியும். புகார் செய்தால் ‘உனக்குத் தெரியாமலா கூப்பிடுகிறான்’ என்ற கேள்வி முதலில் வீட்டுக்குள்ளேயே எழும். ஊமை அழைப்பின் கொடுமை இதில்தான் அதிகம். வசையையாவது திருப்பிச் சொல்லிக் காட்டலாம். மௌனத்தைச் சான்றாக எங்கே கொண்டுபோய் வைப்பது? ஒலிவாங்கியைக் கீழே எடுத்து வைத்தல், எடுத்ததும் எண்ணைச் சொல்லாமல் ‘யார் வேண்டும்’ என்று மட்டும் கேட்டல், வீட்டுப் பெரியவரை எடுக்கச் சொல்லுதல், கடைசியில் எண்ணையே மாற்றுதல் என்று வீடுகள் தாமே வழக்கங்களை ஏற்படுத்திக்கொண்டன. சுழல்வட்டுக்குப் பூட்டு விற்றது. அது வெளியே போகும் அழைப்பைத்தான் தடுத்தது.

எடுக்காமல் விட்டுவிடலாமே என்ற அறிவுரை மலைக்குப் பொருந்தாது. தந்தி வந்தால் இழவு என்று அஞ்சிய தலைமுறை, அந்த அச்சத்தை அப்படியே தொலைபேசி மணிக்கு மாற்றிக்கொண்டது. தமிழகத்துச் சமவெளியில் ஒரு சாவு நடந்தால் மலைமேல் உள்ள மகளுக்குச் சொல்ல அந்த ஒரு மணிதான் வழி. போடியிலிருந்தோ கம்பத்திலிருந்தோ ஏதோ ஒரு மஞ்சள் பலகைச் சாவடியில் நின்று ஒருவர் அழைப்பார். அவர் எந்த எண்ணிலிருந்து அழைப்பார் என்பது அவருக்கே தெரியாது. இதில் மலைமேல் இருப்போரின் நிலை பொய்யான ஒன்பது அழைப்புக்காக மெய்யான பத்தாவதைக் கைவிட இயலாத நிலை. இந்த ஒரு காரணத்தால் நகரத்து வீடுகளைவிட எல்லையோர வீடுகளில் தொல்லையாளன் கை ஓங்கியிருந்தது என்று கருத இடமுண்டு.

சட்டம் என்ன செய்தது? 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் பெயர் மறைத்து மிரட்டுவதை 507ஆம் பிரிவில் தனிக் குற்றமாக்கி, மிரட்டலுக்குரிய தண்டனையோடு கூடுதலாக இரண்டாண்டு வரை சிறை விதித்தது. மொட்டைக் கடிதத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்ட அந்தப் பிரிவு தொலைபேசிக்கும் பொருந்தியது. ஆனால் மிரட்டல் இருந்தாக வேண்டும், மூச்சொலி மிரட்டலாகாது. பெண்ணின் மானத்தை இழிவுபடுத்தும் சொல்லுக்குரிய 509ஆம் பிரிவுக்கும் சொல்லோ ஒலியோ சைகையோ தேவைப்பட்டது. 1951ஆம் ஆண்டின் இந்தியத் தந்தி விதிகளில் 427ஆம் விதிதான் தொல்லை அழைப்பை நேராகப் பேசியது. எவரையும் தொந்தரவு செய்யவோ எரிச்சலூட்டவோ, ஆபாசச் செய்தி சொல்லவோ தொலைபேசியைப் பயன்படுத்தலாகாது என்று அது விலக்கியது. கூடவே, தம் தொலைபேசி தவறாகப் பயன்பட்டால் சந்தாதாரரே பொறுப்பு என்றும் சொன்னது. தெருவுக்கெல்லாம் பி.பி. எண்ணாக விளங்கிய வீட்டின் தலைவருக்கு இதன் விளைவு என்ன என்பதை விதியை எழுதியவர்கள் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. அண்டை வீட்டு இளைஞன் அவர் வீட்டிலிருந்து செய்த குறும்புக்கும் அவரே பொறுப்பு.

விதி இருந்தாலும் ஆளைப் பிடிப்பது எளிதாக இல்லை. ஸ்ட்ரோஜர் முறையில் ஓர் அழைப்பு என்பது ஒன்றையடுத்து ஒன்றாகக் கோத்துக்கொண்ட தெரிவிப்பொறிகளின் பருப்பொருள் சங்கிலி. அழைப்பு நடந்துகொண்டிருக்கும்போதே பணியாளர் ஒருவர் பொறி வரிசைகளுக்கிடையே நடந்து, கடைசிப் பொறியிலிருந்து அதற்கு முந்தியது, அதற்கும் முந்தியது என்று பின்னோக்கிப் போனால்தான் தொடங்கிய இணைப்பைக் காணலாம். அழைத்தவன் வைத்துவிட்டால் சங்கிலி அவிழ்ந்துவிடும். எந்தத் தடயமும் எஞ்சாது. இதற்காகத் தொல்லைக்குள்ளான இணைப்பில் தனிச் சுற்று ஒன்றைப் பொருத்தி, எடுத்தவர் வைக்கும்வரை தொடர்பு அறுபடாமல் பிடித்துவைக்கும் ஏற்பாடு உலகின் பல நாடுகளில் கையாளப்பட்டது. அதாவது, அந்தக் கேவலமான பேச்சைக் கேட்டுக்கொண்டே, அவன் வைக்காமல் இருக்கும்படி பேச்சுக்கொடுத்துக்கொண்டே, தொல்லைக்குள்ளான பெண் காத்திருக்க வேண்டும். அழைப்பு வேறோர் இணைப்பகத்திலிருந்து வந்திருந்தால் அங்கேயும் ஒருவர் அதே நேரத்தில் நடக்க வேண்டும். அழைப்பு வட்டம் தாண்டி வந்தது என்றால் இரண்டு நிர்வாகங்களின் பணியாளர்கள் ஒரே நிமிடத்தில் ஒத்துழைக்க வேண்டும். எல்லையோர வீட்டுக்கு இது கானல்நீர்.

எண் திரும்பி வந்தது கணினி வழியாக. இதில் பாலக்காட்டுக்கு நேரடிப் பங்குண்டு. பெங்களூரில் 1948இல் தொடங்கப்பட்ட இந்தியத் தொலைபேசித் தொழிலகம் 1976இல் தன் ஆலைகளுள் ஒன்றைப் பாலக்காட்டை அடுத்த கஞ்சிக்கோட்டில் அமைத்தது. நாட்டின் மின்னணு இணைப்பக உற்பத்தியில் அதற்கு முக்கிய இடம் அமைந்தது. வாளையாறு எல்லைக்குப் போகும் அதே சாலையில் உள்ள ஊர் கஞ்சிக்கோடு. 1984இல் உருவான சி-டாட் நிறுவனம், குளிரூட்டல் இல்லாமலே இயங்கக்கூடிய 128 இணைப்புகள் கொண்ட ஊரகத் தானியங்கி இணைப்பகத்தை வடிவமைத்து, 1986இல் கருநாடகத்தின் கித்தூரில் நிறுவியது. இவ்வகை இணைப்பகங்கள் பரவப் பரவ, அழைப்பு என்பது பொறிகளின் சங்கிலியாக இல்லாமல் நினைவகத்தில் எழுதப்படும் பதிவாயிற்று. யார் யாரை எப்போது அழைத்தார் என்பது அழைப்பு முடிந்த பிறகும் அங்கே இருந்தது. நடந்து தேடும் பணியாளருக்கு வேலை போயிற்று.

அந்தப் பதிவை வீட்டுக்குக் காட்டுவதுதான் காலர் ஐடி. தொலைபேசியின் பக்கத்தில் ஒரு சிறு பெட்டி. மணி ஒலிக்கும்போது எண் ஒளிரும். இந்தியாவில் ஒரே முறையில் எண் அனுப்பப்படவில்லை. இருவகைக் குறிகைகள் நடப்பில் இருந்தமையால் இரண்டையும் படிக்கும் பெட்டியாகப் பார்த்து வாங்க வேண்டியிருந்தது. அழைப்பு கடந்துவரும் எல்லா இணைப்பகங்களும் எண்ணைக் கைமாற்றித் தந்தால்தான் கடைசி வீட்டில் அது தெரியும். நடுவில் பழைய பொறி ஒன்று இருந்தாலும் எண் அங்கேயே நின்றுவிடும். காலர் ஐடியின் குறிகை முறையில் ‘மறைக்கப்பட்டது’ என்பதற்கு ஒரு குறியும் ‘கிடைக்கவில்லை’ என்பதற்கு வேறொரு குறியும் உண்டு. ஒன்று அழைப்பவரின் விருப்பம். மற்றது கம்பியின் இயலாமை. பெட்டியின் முன் நிற்பவருக்கோ இரண்டும் எண்ணில்லாத அழைப்புதான். எல்லை தாண்டியும் கடல் தாண்டியும் வந்த நேர்மையான அழைப்புகள் பல இப்படியே எண்ணிழந்து வந்தன. வளைகுடாவில் உழைத்த மகனின் குரலும் மொட்டை அழைப்பின் வேடத்திலேயே வீடு வந்து சேர்ந்தது.

எண்ணைக் காட்டுவதா, மறைக்க விடுவதா என்ற கேள்வி மேலைநாடுகளில் பெரிய விவாதமாக வெடித்தது. 1987இல் நியூ ஜெர்சியில் காலர் ஐடி அறிமுகமானபோது தொல்லைக்குள்ளானவர்கள் வரவேற்றார்கள். கணவனின் வன்முறைக்குத் தப்பி வந்த பெண்களுக்கு அடைக்கலம் தருவோர் எதிர்த்தார்கள். அடைக்கல இல்லத்திலிருந்து குழந்தையோடு பேச அழைத்தால் இருப்பிடம் வெளிப்பட்டுவிடும் என்பது அவர்கள் வாதம். பென்சில்வேனியா நீதிமன்றம் 1990இல் அச்சேவை ஒட்டுக்கேட்புத் தடைச் சட்டத்துக்கு மாறானது என்று தீர்ப்பளித்தது. 1992இல் அம்மாநில உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. முடிவில் அமெரிக்கக் கூட்டாட்சி ஆணையம் 1995இல் ஒரு நடுவழி கண்டது: எண் தெரியலாம், ஆனால் எந்த அழைப்புக்கும் எவரும் கட்டணமின்றி எண்ணை மறைத்துக்கொள்ளலாம். பிரிட்டனில் 1994 நவம்பரில் எண்காட்டும் சேவை வந்தபோதே, 141 என்று முன்னால் சேர்த்து அழைத்தால் எண் மறையும் வசதியும் எல்லோருக்கும் தரப்பட்டது.

இந்தியா வேறு வழியில் சென்றது. இங்கே எண்ணை மறைப்பது குடிமகனின் தெரிவாக வைக்கப்படவில்லை. இயல்பாக அவ்வசதியைத் தரலாகாது. கேட்பவரின் காரணத்தைச் சரிபார்த்த பின்னரே தர வேண்டும். பெற்றவரின் முழு முகவரியையும் கடவுச்சொல்லால் காக்கப்பட்ட தளத்தில் அரசு முகமைகளுக்குத் தெரியும்படி வைக்க வேண்டும். அழைப்பு மையங்களுக்கும் தொலைவிற்பனையாளருக்கும் மொத்த இணைப்புகளுக்கும் அறவே தரலாகாது என்பவை உரிம நிபந்தனைகள். தொல்லைக்குள்ளான வீட்டுக்கு இது நன்மைதான், மறுக்க வேண்டியதில்லை. ஆனால் பென்சில்வேனியாவில் அடைக்கல இல்லத்துப் பெண்ணுக்காகப் பேசப்பட்ட வாதம் இங்கே காதில் விழவே இல்லை. தொலைபேசி உரையாடல் அந்தரங்க உரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் பி.யு.சி.எல். வழக்கில் கூறியது. அங்கே எழுந்த கேள்வி அரசு ஒட்டுக்கேட்கலாமா என்பதுதான். அழைப்பவர் தம்மை மறைத்துக்கொள்ளலாமா என்ற கேள்வி நிர்வாகக் காகிதங்களிலேயே முடிந்துபோயிற்று. மொட்டை அழைப்பு ஒழிந்ததா என்றால் ஒழியவில்லை. எண்ணை மறைக்கும் உரிமை அரசின் கையால் அளந்து கொடுக்கப்படும் ஒன்றாயிற்று.

மாநிலச் சட்டத்துக்கு வருவோம். கேரள காவல் சட்டம் 2011இல் நடைமுறைக்கு வந்தது. அதில் தொலைபேசித் தொல்லையை இரண்டு பிரிவுகள் தொட்டன. 118ஆம் பிரிவின் ‘டி’ உட்பிரிவு, நாகரிகமற்ற முறையில் பேச்சாலோ தொலைபேசி அழைப்பாலோ செய்தியாலோ ஒருவருக்கு எரிச்சலூட்டுவதற்கு மூன்றாண்டு வரை சிறை விதித்தது. 120ஆம் பிரிவின் ‘ஓ’ உட்பிரிவு, திரும்பத் திரும்ப வரும் அல்லது வேண்டாத அல்லது பெயரற்ற அழைப்பு, கடிதம், செய்தி ஆகியவற்றால் தொல்லை தருவதற்கு ஓராண்டு வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதித்தது. பெயரின்மையைச் சட்டம் இங்கே தனித்து எண்ணியது என்பதைக் கவனிக்க வேண்டும். அழைப்பில் மிரட்டலோ ஆபாசமோ இருந்தாக வேண்டியதில்லை. 1860ஆம் ஆண்டுச் சட்டத்தின் வலையில் விழாத ஊமை அழைப்பு 151 ஆண்டுகளுக்குப் பின் இந்த உட்பிரிவில் விழுந்தது.

2015 மார்ச் 24 அன்று ஸ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-ஏ பிரிவை நீக்கியது பரவலாக அறியப்பட்டது. அதே தீர்ப்பில் கேரளத்தின் 118-டி உட்பிரிவும் நீக்கப்பட்டது அவ்வளவாகப் பேசப்படவில்லை. எரிச்சல், நாகரிகமின்மை என்ற சொற்களுக்கு வரையறை இல்லை. எனவே கருத்துரிமைக்குக் கேடு என்பது காரணம். அரசை எள்ளி எழுதுவோரைப் பிடிக்கப் பயன்படக்கூடிய சொற்கள்தாம் அவை, தீர்ப்பு நியாயமானது. ஆயினும் அந்த உட்பிரிவின் ஒரு மூலையில் தொலைபேசி அழைப்பு என்ற சொல்லும் இருந்தது. மேடைப் பேச்சையும் நள்ளிரவு மணியையும் ஒரே வாக்கியத்தில் அடைத்த வரைவாளரின் அவசரம், இரண்டையும் சேர்த்தே இழக்க வைத்தது. எஞ்சியது 120-ஓ.

இந்த உட்பிரிவு வாளையாற்றைத் தாண்டினால் இல்லை. தமிழ்நாட்டின் 1998ஆம் ஆண்டுப் பெண்கள் மீதான தொல்லைத் தடைச் சட்டம் கல்வி நிலையம், கோயில், பேருந்து நிறுத்தம், சாலை, திரையரங்கு எனப் பொதுவிடங்களையே முன்னிறுத்தியது. தொலைபேசியைத் தனியே எடுத்துச் சொல்லவில்லை. 2013இல் தண்டனைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 354-டி பிரிவு, விருப்பமின்மையைத் தெளிவாகக் காட்டிய பின்னும் ஒரு பெண்ணைத் திரும்பத் திரும்பத் தொடர்புகொள்வதைப் பின்தொடர்தல் குற்றமாக்கியது. அது நாடு முழுமைக்கும் பொதுவாக இருந்தது. பெயர் தெரியாத, வாய் திறக்காத ஒருவனிடம் விருப்பமின்மையை எவ்வாறு தெளிவாகக் காட்டுவது என்ற சிக்கல் அதில் இருந்தது. பொள்ளாச்சியிலிருந்து கொழிஞ்சாம்பாறைக்கு வரும் ஊமை அழைப்பும் கொழிஞ்சாம்பாறையிலிருந்து பொள்ளாச்சிக்குப் போகும் ஊமை அழைப்பும் ஒரே செயல். எடுத்தவர் தம் ஊர்க் காவல் நிலையத்துக்குப் போய்ச் சொன்னால், ஓரிடத்தில் அதற்கென்றே எழுதிய ஓர் உட்பிரிவு இருக்கிறது, மற்றோரிடத்தில் இல்லை.

இதற்கிடையே தொல்லையின் முகமும் மாறியது. கடன் தருகிறோம், கடனட்டை தருகிறோம் என்ற விற்பனை அழைப்புகள் பெருகியபின், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2007இல் அழைக்க வேண்டாதோர் பட்டியலை ஏற்படுத்தியது. 2010இலும் 2018இலும் விதிகளைப் புதுப்பித்தது. விற்பனையாளருக்கு 140 என்று தொடங்கும் எண் வரிசையையும் புகாருக்கு 1909 என்ற எண்ணையும் ஒதுக்கியது. இவை எண்ணை நம்பி எழுதப்பட்ட விதிகள். எண்ணோ பொய் சொல்லக் கற்றுக்கொண்டுவிட்டது. 2018 சூலையில் பொலிவியா நாட்டு எண்களிலிருந்து வந்த மிஸ்டு கால்களைத் திருப்பி அழைக்க வேண்டாம் என்று கேரளக் காவல்துறை எச்சரித்தது. திருப்பி அழைத்தவர் கணக்கிலிருந்து பணம் கரைந்தது. வெளிநாட்டு அழைப்பை இணையம் வழியாகக் கொணர்ந்து, பெட்டியில் அடுக்கிய சிம் அட்டைகளின் வழியே உள்ளூர் எண்ணாக மாற்றி அனுப்பும் கள்ள இணைப்பகங்கள் 2021இல் கோழிக்கோட்டிலும் பின்னர் பாலக்காட்டிலும் பிடிபட்டன. வளைகுடாவிலிருந்து வந்த அழைப்புக்கு முன்பு எண்ணே இல்லை. இப்போது எண் உண்டு, அது யாரோ ஒருவருடையது. 2024 அக்டோபரில் இந்திய எண்போல் வேடமிட்டு வெளிநாட்டிலிருந்து வரும் அழைப்புகளைத் தடுக்கும் அமைப்பை ஒன்றிய அரசு தொடங்கியபோது, முதல் 24 மணி நேரத்திலேயே 1.35 கோடி அழைப்புகள் தடுக்கப்பட்டதாக அறிவித்தது.

அறியாத எண்ணை எடுக்காதீர் என்ற அறிவுரை இதனால் மேலும் உரத்து ஒலிக்கிறது. மலை அதை இன்னும் ஏற்கவில்லை, ஏற்க இயலாது. 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் லயங்களின் மேல் மண் சரிந்து 70 பேர் மாண்டபோது, மின்சாரமும் தொலைத்தொடர்பும் அற்றிருந்தன. வெளியுலகுக்குச் செய்தி போனது மறுநாள் காலையில். மாண்டவர்களில் பலர் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறு பகுதியை வேராகக் கொண்ட குடும்பத்தினர். அத்தகைய பொழுதில் வேரூரில் ஒலிக்கும் மணி தெரிந்த எண்ணிலிருந்துதான் வரும் என்று எவர் சொல்ல முடியும்?

அடுத்து எண்ணோடு பெயரையும் காட்டும் ஏற்பாடு எழுந்தது. அழைப்பவரின் பெயரைத் திரையில் காட்டும் முறையை ஒழுங்குமுறை ஆணையம் 2024 பிப்ரவரியில் பரிந்துரைத்தது. இணைப்புக்கு விண்ணப்பித்தபோது படிவத்தில் எழுதிய பெயரே தோன்றும். ஒருவர் பெயரில் வாங்கிய இணைப்பை மற்றவர் பயன்படுத்தும் குடும்பங்களில் திரை காட்டுவது வாங்கியவர் பெயரைத்தான், பி.பி. எண்ணின் பழைய குழப்பம் வேறு வடிவில் தொடரும். கைப்பிடி சுழன்ற காலத்தில் இணைப்பகத்து இயக்குநர் குரலைக் கேட்டே ‘இது பெரியவர் இல்லை, மருமகன்’ என்று சொல்லியிருப்பார். எண்ணை மறைக்கும் வசதியை ஏற்கெனவே பெற்றிருப்பவர்களின் பெயர் மட்டும் புதிய முறையிலும் தோன்றாது.